ஓர் ஏக்கர் பிறந்த கதை

ஒரு காலத்தில் நாகப்பட்டினம் துறைமுகத்தின் முக்கியமான ஏற்றுமதிச் சரக்குகளில் ஒன்று மனிதர்கள். கங்காணிகள் தஞ்சையிலும் திருச்சியிலும் தென்னார்க்காட்டிலும் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தார்கள். சேர்த்த ஆட்களை முகாமில் தங்கவைத்து, மருத்துவச் சோதனை முடித்து, கப்பலில் ஏற்றினார்கள். அக்கரையில் பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம். அங்கிருந்து ஒரு பகுதியினர் நெகிரி செம்பிலான் பால்மரக் காடுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். சிரம்பானைச் சுற்றியிருந்த தோட்டங்களின் லயங்களில் முதல் அடுப்பை மூட்டியவர்கள் அவர்கள்தான். தோட்டத்து வாழ்க்கை தேய்ந்தபோது அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் லோபாக் போன்ற நகர்ப்புறக் குடியிருப்புகளுக்கு நகர்ந்தார்கள். கப்பல் ஏறிய அந்த முதல் தலைமுறையில் மிகப் பலருக்கு, ஊரில் விட்டுவந்ததாகச் சொல்லிக்கொள்ள ஒரு குழி நிலம்கூடக் கிடையாது.

1938இல் இந்திய அரசு தோட்டக் கூலிகளாக ஆட்களை அனுப்புவதற்குத் தடை போட்டது. கதவு சாத்திக்கொண்டது. கடல் தாண்டியவர்களின் கதையைத் தோட்டத்துக் கிழவிகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஊரிலேயே தங்கிப்போனவர்களின் கதையோ வேறு தடத்தில் ஓடியது. அது ஒரு பெருந்தீயில் போய் முட்டியது. அந்தத் தீயின் சாம்பலிலிருந்துதான் யாரும் எதிர்பாராத ஒரு யோசனை முளைத்தது.

நாகப்பட்டினத்தைச் சூழ்ந்த கீழத்தஞ்சை, காவிரியின் கடைமடை. தண்ணீர் கடைசியாக வந்து சேரும் பூமி. நிலமெல்லாம் மிராசுதார்கள், மடங்கள், கோயில்கள் கையில் இருந்தது. உழுது நட்டு அறுத்தவர்கள் பண்ணையாட்கள். விடியும் முன் வயலில் இறங்கத் தவறியவனுக்குச் சவுக்கடி கிடைத்தது. எதிர்த்துப் பேசியவன் வாயில் சாணிப்பால் ஊற்றப்பட்டது. 1940களில் பி. சீனிவாசராவ் என்ற கம்யூனிஸ்ட் தலைவர் சேரி சேரியாக நடந்து சங்கம் கட்டினார். 1944இல் ஏற்பட்ட ஒப்பந்தம் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் முடிவு கட்டியது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உழுபவனுக்கே நிலம் என்ற முழக்கமும் ஊரெங்கும் எழுந்தது. அந்த முழக்கம் பட்டாவாக மாறும் வழி மட்டும் புலப்படவில்லை. அதைக் கண்டுபிடிக்க வேண்டிய இருவர் அப்போது கீழத்தஞ்சைக்கு வெகுதூரத்தில் இருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் கிருஷ்ணம்மாள். 1926இல் இன்றைய திண்டுக்கல் மாவட்டத்து அய்யன்கோட்டையில், நிலமில்லாத தலித் குடும்பத்தில் பிறந்தார். தாய் நாகம்மாள் நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்தபோதும் அடுத்தவர் வயலில் குனிந்து வேலை செய்ததைப் பார்த்து வளர்ந்த பெண். தந்தை சீக்கிரமே காலமாகிவிட்டார். அந்தக் குடும்பத்துப் பெண் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே பெரிய விஷயம். ஆனால், டி.வி.எஸ். குடும்பத்தில் பிறந்து, மருத்துவம் படித்து, காந்தியத் தொண்டில் இறங்கியிருந்த டாக்டர் சௌந்தரம் அம்மாளின் ஆதரவு மதுரையில் அவருக்குக் கிடைத்தது. படிப்பு கல்லூரி வரை நீண்டது. 1946இல் காந்தி மதுரைக்கு வந்தபோது அவரை அருகிலிருந்து காணும் வாய்ப்பும் அந்த மாணவிக்கு வாய்த்தது. படித்து முடித்தவர் நல்ல உத்தியோகம் பார்த்து அம்மாவை உட்கார வைத்துச் சோறு போட்டிருக்கலாம். அவர் மனம் போனது வேறு பக்கம்.

மற்றவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதன். அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில், வசதியான சாதி இந்துக் குடும்பத்தில் பிறந்தவர். கிருஷ்ணம்மாளுக்கு அரிதாக வாய்த்த கல்லூரிப் படிப்பை இவர் 1930இல் காந்தியின் அழைப்பைக் கேட்டு உதறிவிட்டு வந்தார். 1942இல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறைக்குப் போனார். அமெரிக்காவிலிருந்து மதப் பணிக்கு வந்து காந்தியராக மாறிய கெய்த்தானோடு சேர்ந்து ஏழைகளுக்காக உழைத்தார். சுதந்திர இந்தியாவில்தான் திருமணம் என்பது அவருடைய உறுதி. 1950 ஜூலையில் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் மணம் முடித்தார்கள். சாதியும் சொத்தும் ஏற்படுத்தியிருந்த அத்தனை இடைவெளியையும் அந்தக் கல்யாணம் தாண்டியது. ஆனால் மாப்பிள்ளை வீட்டில் தங்கவில்லை. வடக்கே ஒரு மனிதர் நடந்துகொண்டிருந்தார். அவர் பின்னால் போய்விட்டார்.

நடந்துகொண்டிருந்தவர் வினோபா பாவே. 1951 ஏப்ரல் 18 அன்று தெலங்கானாவின் போச்சம்பள்ளி கிராமத்தில், 40 தலித் குடும்பங்கள் அவரிடம் வந்து பிழைப்புக்கு 80 ஏக்கர் நிலம் வேண்டும் என்று கேட்டன. அவரிடம் ஏது நிலம்? அரசிடம் மனு எழுதிப் பார்க்கலாம் என்ற யோசனையோடு கூட்டத்தைப் பார்த்து, இங்கே யாராவது தர முடியுமா என்று கேட்டார். ராமச்சந்திர ரெட்டி என்ற நிலவுடைமையாளர் எழுந்து 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார். எதிர்பாராமல் வந்த அந்தப் பதிலிலிருந்து பூதான இயக்கம் பிறந்தது. ஜெகந்நாதன் வட இந்தியாவில் வினோபாவுடன் நடந்து பழகினார். கிருஷ்ணம்மாள் சென்னையில் ஆசிரியர் பயிற்சியை முடித்துக்கொண்டு காத்திருந்தார். கணவர் திரும்பியதும் இருவரும் தமிழ்நாட்டில் ஊர் ஊராக நடந்து நிலம் கேட்கத் தொடங்கினார்கள்.

1956இல் வினோபாவே தமிழ்நாட்டுக்கு நடந்து வந்தார். அடுத்த ஆண்டு கேரளத்துக்குள் நுழையும் வரை தமிழ்க் கிராமங்களின் புழுதி அவர் காலில் ஒட்டியிருந்தது. நிலத்தை ஆறு பங்கு வைத்து ஒரு பங்கை ஏழைக்குக் கொடுங்கள் என்பதுதான் அவர் கேட்டது. பலர் கொடுத்தார்கள். சில ஊர்கள் ஊரோடு சேர்ந்து கிராமதானம் எழுதிக் கொடுத்தன. ஏக்கர் கணக்கு ஏறிக்கொண்டே போனது. பிறகு நிலத்தைப் போய்ப் பார்த்தவர்களின் முகம் மாறியது.

தானமாக வந்த நிலத்தில் கணிசமான பங்கு கரடும் முரடும். சில இடத்தில் தண்ணீர் இல்லை. சில நிலம் வழக்கில் கிடந்தது. நல்ல நிலம் கிடைத்த ஏழையிடமோ ஏரும் மாடும் விதையும் இல்லை. அந்த நேரத்தில் இத்தாலியிலிருந்து ஜியோவானி எர்மிலியா என்ற தத்துவ ஆசிரியர் வந்து சேர்ந்தார். தானமாகக் கிடைத்த தரிசைத் திருத்தி, கிணறு வெட்டி, கூட்டாக உழுது காட்டும் சர்வ சேவா பண்ணைகள் 1960களின் இறுதியில் அவருடைய முயற்சியாலும் வினோபா வழி நடந்த சர்வோதயத் தொண்டர்களின் உழைப்பாலும் உருவாயின. நிலத்தைக் கொடுத்தால் மட்டும் போதாது, அதில் காலூன்றி நிற்கும் வரை கூடவே ஆள் இருக்க வேண்டும் என்ற பாடம் அங்கே கிடைத்தது. அந்தப் பாடத்துக்கு விலை என்ன என்பது அப்போது தெரியவில்லை.

இதே காலத்தில் மலாயாவிலும் நிலம் கைமாறிக்கொண்டிருந்தது. சுதந்திரம் நெருங்கியபோதும் அதன் பின்னும் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்ற பெயரைக் கேட்டாலே லயங்களில் வயிறு கலங்கியது. வேலையோடு வீடும் போனது. 1960இல் மலாயாத் தமிழர் தலைவர் வீ. தி. சம்பந்தன் ஒரு வழி சொன்னார். தொழிலாளி மாதம் பத்து வெள்ளி போடட்டும். சேர்ந்த பணத்தில் தோட்டத்தையே தொழிலாளிகள் வாங்கட்டும். தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அப்படித்தான் உருவானது. கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் அதன் முதல் உடைமை ஆனது. தானமாகக் கேட்காமல், பிடுங்காமல், காசு சேர்த்து வாங்குவது என்ற வழி மலாயாத் தமிழருக்குப் பழகிவிட்டது. அதே வழி நாகப்பட்டினத்தின் வயல்களுக்கு வந்து சேர இன்னும் இருபது ஆண்டுகளும் ஒரு பெருங்கொடுமையும் குறுக்கே கிடந்தன.

1968ஆம் ஆண்டு. கீழத்தஞ்சையில் பசுமைப் புரட்சியின் புதிய நெல் ரகங்கள் வந்து, விளைச்சல் கூடியிருந்தது. விளைவித்தவர்கள் கூலியாகக் கொஞ்சம் கூடுதல் நெல் கேட்டார்கள். மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று தனியாக அணி திரண்டு நின்றார்கள். செங்கொடியை இறக்கினால்தான் பேச்சு என்றார்கள். வெளியூர் ஆட்களை இறக்கி அறுப்பு நடத்தினார்கள். நாளுக்கு நாள் சூடு ஏறியது. டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணிச் சேரிக்குள் ஆயுதங்களோடு ஆட்கள் நுழைந்தார்கள்.

ஓட முடிந்த ஆண்கள் ஓடினார்கள். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் தெருக்கோடியில் இருந்த ராமையாவின் குடிசைக்குள் ஒடுங்கினார்கள். சிறிய கூரை வீடு. வெளியே தாழிட்டுத் தீ வைத்தார்கள். 44 பேர் வெந்து மாண்டார்கள். கைகோத்து ஒடுங்கிய நிலையிலேயே கரிந்துபோயிருந்த உடல்களைக் காலையில் பிரித்து எண்ணவே சிரமப்பட்டார்கள். அரசு அமைத்த ஒரு நபர் குழு கூலியை ஆராய்ந்தது. 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கீழ் நீதிமன்றம் மிராசுதார் தரப்பில் சிலருக்குத் தண்டனை விதித்தது. 1973இல் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்துவிட்டது. சட்டம் கைவிட்ட இடத்தில் பழிக்குப் பழி என்ற பேச்சு எழுவது இயல்பு. அந்தப் பேச்சு எழுந்துகொண்டிருந்த ஊருக்குள் ஒரு கதர்ச் சேலைக்காரப் பெண்மணி ஏற்கெனவே வந்து தங்கிவிட்டிருந்தார்.

44 பேர் எரிந்த செய்தி கேட்டதும் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் கீழ்வெண்மணிக்குக் கிளம்பி வந்தார்கள். ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்பிவிடவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக மாநிலமெங்கும் நடந்து நிலம் கேட்ட தம்பதி இனிமேல் கீழத்தஞ்சைதான் தங்கள் களம் என்று முடிவு செய்தார்கள். சேரிகளில் தங்கினார்கள். அந்த வீடுகளில் கொதித்ததையே உண்டார்கள். அவர்களுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. கூலி கேட்டதற்குத்தான் கொளுத்தினார்கள். கூலி கேட்க வேண்டிய நிலையிலேயே இந்த மக்கள் இருக்கும் வரை அடுத்த குடிசைக்கும் ஆபத்து உண்டு. காலடியில் சொந்த மண் இருந்தால் ஒழிய இங்கே சமாதானம் வராது.

நில உச்சவரம்புச் சட்டம் என்ன ஆயிற்று? காகிதத்தில் அது கெட்டியாகவே இருந்தது. 1961இல் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று வைத்த வரம்பை 1970இல் 15 ஆகக் குறைத்தார்கள். ஆனால் வயல்கள் அதற்குள் உறவினர் பெயரிலும், வேலைக்காரர் பெயரிலும், அறக்கட்டளைகளின் பெயரிலும் ஒளிந்துகொண்டுவிட்டன. ஜெகந்நாதன் அந்தப் பினாமி நிலங்களின் கணக்கைத் தோண்டினார், வலிவலம் போன்ற இடங்களில் சத்தியாகிரகம் நடத்தினார், உண்ணாவிரதம் இருந்தார், சிறைக்கும் போனார். சில ஏக்கர் கிடைத்தது. பல ஏக்கர் வழக்கில் மாட்டிக்கொண்டது. பிறகு 1975 வந்தது. பீகாரில் ஜெயபிரகாஷ் நாராயண் தொடங்கிய இயக்கத்தில் தம்பதியர் சேர்ந்திருந்த நேரம். நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு ஜெகந்நாதன் சிறையில் அடைக்கப்பட்டார். கீழத்தஞ்சை வேலை நடுவழியில் நின்றது.

சிறை திறந்து, ஊர் திரும்பிய பிறகு, தானம் கேட்டதும் பாதி தோற்றது, சட்டத்தை நம்பியதும் பாதி தோற்றது என்ற கணக்கோடு கிருஷ்ணம்மாள் வயல்களை மறுபடி சுற்றி வந்தார். அப்போது ஒரு மாற்றம் கண்ணில் பட்டது. மிராசுதார் வீட்டுப் பிள்ளைகள் படித்துவிட்டுச் சென்னைக்கும் டெல்லிக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். கிராமத்துப் பெரிய வீடுகள் பூட்டிக் கிடந்தன. பயிர் வைக்க ஆள் இல்லை, மேற்பார்வைக்கு மனம் இல்லை. விற்க விரும்பியவர்கள் இருந்தார்கள். வாங்க ஏங்கியவர்களும் அதே ஊரின் சேரியில் இருந்தார்கள். நடுவே இல்லாமல் போனது இரண்டு: பணம், நம்பிக்கை. இரண்டையும் தானே கொண்டுவருவது என்று ஐம்பத்தைந்து வயதில் கிருஷ்ணம்மாள் இறங்கினார்.

1981இல் தம்பதியர் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். உழுபவனின் நில உரிமை இயக்கம். மக்கள் வாயில் அது லாஃப்டி. செய்ய நினைத்த வேலை கேட்பதற்கு எளிது. நிலம் வைத்திருப்பவரையும் நிலமில்லாதவரையும் ஒரே பாயில் உட்கார வைக்க வேண்டும். நியாயமான விலை பேச வேண்டும். வாங்குபவருக்கு வங்கிக் கடன் எடுத்துத் தர வேண்டும். கூட்டாகப் பயிர் வைத்து, அறுத்த நெல்லை விற்று, கடனை அடைக்க வேண்டும். கீழ்வெண்மணி எரிந்து பதின்மூன்றே ஆண்டு ஆகியிருந்தது. அதே மாவட்டத்தில் மிராசுதார் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து நிலம் பேசுவதா? தோழமையான ஆட்களுக்கே அது ஜீரணிக்கக் கடினமாக இருந்தது.

அந்தத் திண்ணைக்குப் போகும் துணிவு கிருஷ்ணம்மாளுக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு அவர் வாழ்க்கையே பதில். காந்தியும் வினோபாவும் அவருக்கு வழி காட்டினார்கள். உள்ளே நின்று நடத்தியவர் வள்ளலார். 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கி, பசித்தவருக்குச் சோறு போடுவதையே வழிபாடாக வைத்த ராமலிங்க சுவாமிகள். நாளைத் தொடங்கும்போதும், சிக்கல் பெருகும்போதும் அருட்பெருஞ்ஜோதியை வேண்டிப் பாடுவது கிருஷ்ணம்மாளின் வழக்கம். அந்த ஜோதி எதிரில் இருப்பவரிடமும் இருக்கிறது என்று மனதார நம்பியவருக்கு மிராசுதாரைப் பகையாகப் பார்க்கத் தோன்றவில்லை. சேரியிலிருந்து வந்த ஒரு பெண் கைகூப்பி நின்று, தலைநிமிர்ந்து விலை பேசியபோது பழைய பண்ணைக்காரர்கள் சிலர் அசந்துதான் போனார்கள். திண்ணை திறந்தது. வங்கி திறக்கவில்லை.

நிலமே இல்லாத கூலிக்கு எந்த ஈட்டின் பேரில் கடன் தருவது என்று வங்கிகள் கையை விரித்தன. அதைத் தாண்டினால் பத்திரப் பதிவு அலுவலகம் காத்திருந்தது. முத்திரைத்தாள் கட்டணம், பதிவுக் கட்டணம் என்று சேர்த்துப் பார்த்தால், வாய்க்கும் வயிற்றுக்கும் உழைக்கிற குடும்பத்துக்கு மூச்சு முட்டியது. வாங்க முடிந்த ஏக்கரைப் பதிய முடியாத நிலை. கிருஷ்ணம்மாள் அதிகாரிகளின் அலுவலகங்களை ஏறி இறங்கினார். இன்று முடியாது என்றவரிடம் மறுநாளும் போய் நின்றார். கோப்பு நகர்ந்தது. ஏக்கர்கள் ஒவ்வொன்றாகக் கைமாறத் தொடங்கின.

அப்போதுதான் அந்த முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது. குடும்பத்துக்கு ஓர் ஏக்கர். பத்திரம் பெண்ணின் பெயரில். ஓர் ஏக்கர் நன்செய் என்பது ஒரு குடும்பம் தன் கையால் நட்டு, களை பறித்து, அறுத்து முடிக்கக்கூடிய அளவு. ஆண் பெயரில் இருக்கும் நிலம் சாராயக் கடைக்கும் அடகுக் கடைக்கும் போய்விடும் அபாயத்தைக் கிருஷ்ணம்மாள் அறிவார். அம்மா பெயரில் இருக்கும் நிலம் அடுப்பை விட்டு எங்கும் போகாது. பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு அதுவரை எட்டிப் பார்த்திராத பெண்கள் வரிசையில் நின்றார்கள். சிலர் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார்கள். சிலர் மை தடவிய பெருவிரலை அழுத்தினார்கள். ‘இன்னாரின் பண்ணையாள்’ என்று அறியப்பட்டவளின் பெயருக்குப் பக்கத்தில் முதல்முறையாக ஒரு சர்வே எண் ஏறியது.

பயிர் இல்லாத மாதங்களில் கடன் தவணை நிற்காதே. அதற்கும் ஏற்பாடு நடந்தது. கோரைப் பாய் நெசவு, தையல், தச்சு, கொத்து வேலை, குழாய் வேலை என்று பயிற்சிகள் தொடங்கின. நாகைக்கு அருகே கூத்தூரில் வினோபா பெயரில் ஆசிரமம் எழுந்தது. 1989இல் கிருஷ்ணம்மாளுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. எல்லாம் கூடிவருகிறது என்று தோன்றிய நேரத்தில், ஏக்கர்களின் அடியிலேயே ஒரு விஷம் ஊறத் தொடங்கியது.

1990களின் தொடக்கம். இறாலுக்கு வெளிநாட்டுச் சந்தையில் பொன் விலை. கம்பெனிகள் நாகைக் கடற்கரையோரம் நூற்றுக்கணக்கான ஏக்கரை வளைத்து வாங்கின. நெல் வயலைத் தோண்டிக் குளமாக்கி, மோட்டார் வைத்துக் கடல்நீரை ஏற்றி, அதில் இறால் வளர்த்தார்கள். தேங்கிய உப்புநீர் மண்ணுக்குள் இறங்கியது. பக்கத்து வயலில் நாற்று கருகியது. குடிதண்ணீர்க் கிணறு உவர்த்தது. தீவனக் கழிவும் மருந்தும் கலந்த நீர் வாய்க்காலிலும் கடல் ஓரத்திலும் விடப்பட, மீனவர் வலையும் காலியானது. ஊரையே வேலைக்கு அழைத்த வயல் இப்போது நாலைந்து காவல்காரர்களோடு நின்றது. பட்டா கையில் இருந்தது. பட்டாவில் இருந்த மண் செத்துக்கொண்டிருந்தது.

நிலம் கேட்டுப் போராடிய தம்பதி, அந்த நிலத்தையும் தண்ணீரையும் காக்கவே போராடும்படி ஆயிற்று. ஜெகந்நாதனுக்கு அப்போது வயது எண்பதை ஒட்டி. ஊர்வலம், உண்ணாவிரதம், மறியல் என்று கடலோரக் கிராமங்கள் எழுந்தன. அடியாட்கள் வந்தார்கள். வீடுகள் கொளுத்தப்பட்டன. தொண்டர்கள் மீதே கொள்ளை, தீவைப்பு என்று பொய் வழக்குகள் பாய்ந்தன. கை ஓங்காமல் அடி வாங்கினார்கள். இதற்கிடையில் இறால் குளங்களுக்குள்ளேயே வெள்ளைப்புள்ளி நோய் பரவி, பண்ணைக்காரர்களும் நட்டப்பட்டார்கள். கெட்ட நிலமோ கெட்டபடியே கிடந்தது. ஊர்ச் சத்தம் தலைநகரை எட்டவில்லை என்று கண்டதும் ஜெகந்நாதன் 1994இல் உச்ச நீதிமன்றத்தின் படியேறினார்.

சட்டம் அவர் பக்கம் இருந்தது. 1991இலேயே மத்திய அரசு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளியிட்டு, உச்ச அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கட்டுப்பாடுகள் விதித்திருந்தது. அதை யாரும் மதிக்கவில்லை என்பதுதான் விஷயம். நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தை நேரில் போய்ப் பார்க்கச் சொன்னது நீதிமன்றம். விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுக் கொண்டுவந்த அறிக்கை கிழவரின் வாதத்தை அப்படியே உறுதி செய்தது: இறால் ஏற்றுமதியில் வரும் வருமானத்தைவிட அதனால் ஏற்படும் நாசத்தின் விலை அதிகம்.

1996 டிசம்பர் 11. நீதிபதிகள் குல்தீப் சிங்கும் எஸ். சகீர் அகமதும் தீர்ப்புச் சொன்னார்கள். கடற்கரை மண்டலத்துக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை, பாரம்பரிய முறையில் நடப்பவை நீங்கலாக, 1997 மார்ச் 31க்குள் அகற்ற வேண்டும். விளைநிலத்தையும் அலையாத்திக் காட்டையும் இறால் குளமாக மாற்றக் கூடாது. மாசுபடுத்தியவர்கள் இழப்பீடு தர வேண்டும். ஜெகந்நாத் எதிர் இந்திய ஒன்றியம் என்ற அந்த வழக்கு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டப் பாடத்தில் இடம்பிடித்தது. கடலோரக் கிராமங்கள் நிமிர்ந்தன. ஆனால் குளங்களை மூட ஆட்கள் வரவில்லை.

மறுசீராய்வு மனுக்கள் பாய்ந்தன. தீர்ப்பு அமலாவது தள்ளிப்போனது. 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை நிறைவேற்றி, பண்ணைகளுக்கு முன்தேதியிட்டு வழிவிட்டது. பதினோரு ஆண்டுப் போராட்டத்தின் கனி வாய்க்கு எட்டாமல் போனது. அந்தச் சட்டத்துக்குச் சில மாதங்கள் முன்பு, 2004 டிசம்பர் 26 காலை, கடலே எழுந்து வந்திருந்தது. ஆழிப்பேரலையில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வயல்களின் மேல் உப்பு படிந்தது. தொண்ணூறை ஒட்டிய கணவர், எண்பதை நெருங்கிய மனைவி. இனி முடியாது என்று சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர்கள் சொல்லவில்லை. நிவாரணத்தில் இறங்கினார்கள், திண்ணைப் பேச்சுவார்த்தையும் நிற்கவில்லை. 2007வாக்கில் கணக்குப் பார்த்தபோது, சுமார் 13,000 குடும்பங்கள் 13,000 ஏக்கருக்கு உரிமை பெற்றிருந்தன. ஓர் ஏக்கர்கூட ரத்தம் சிந்தி வாங்கப்பட்டதில்லை. 2008இல் மாற்று நோபல் என்று உலகம் அழைக்கும் வாழ்வாதார உரிமை விருது கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதிக்கும் லாஃப்டிக்கும் சுவீடனில் வழங்கப்பட்டது. 2013 பிப்ரவரி 12 அன்று ஜெகந்நாதன் மறைந்தார். 2018 நவம்பரில் கஜா புயல் நாகைக் கரையின் கூரை வீடுகளை வாரிச் சுருட்டியது. 2020இல் கிருஷ்ணம்மாளுக்குப் பத்மபூஷண் அறிவித்தபோது அவருக்கு 93 வயது. அப்போதும் அவர் பேச்செல்லாம் குடிசைவாசிகளுக்குச் செங்கல் வீடு கட்டுவதைப் பற்றித்தான்.

நிலத்துக்கு அடுத்து அவர் வீட்டைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. 44 பேரைக் கொன்றது தீ மட்டுமா? நெருப்புப் பற்றும் கூரையும், அந்தக் கூரையை விட்டால் ஒதுங்க வேறிடம் இல்லாத ஏழ்மையும் சேர்ந்துதான் கொன்றன. பழிவாங்க முழுக் காரணமும் இருந்த மண்ணில், அந்த ஏழ்மையை ஓர் ஏக்கர், இன்னோர் ஏக்கர் என்று வாங்கிக் கரைக்க முடியும் என்று நம்பிய இருவரால் லாஃப்டி பிறந்தது. மிராசுதாரிடம் விலை பேசியது அவர்களுக்குச் சமாதானப் பணி. உச்ச நீதிமன்றத்தில் வழக்காடியது மண்ணைக் காக்கும் பணி. இரண்டையும் நடத்திய பலம் காலைப் பிரார்த்தனையில் கிடைத்தது. நீதி, அமைதி, சுற்றுச்சூழல், ஆன்மிகம் என்று தனித்தனியாகப் பேசப்படும் நான்கும் நாகப்பட்டினத்துப் பெண்களின் பெயரில் ஒரே பத்திரமாகப் பதிவாகியிருக்கின்றன.